பேர் வெட்டு

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்ற பயமெல்லாம் எனக்குக் கிடையாது. சண்டை என்றால் எனக்கும் பிடிக்கும். ஓர் ஆளின் பெயரை வெட்டினால் அந்த ஆளுக்கு எப்படி இருக்கும் என்று அவருக்கும் கொஞ்சம் தெரியட்டும், அவ்வளவுதான்.

என் அக்காவின் பெயரை எழுதுவேன். அஞ்சலை. இன்னொரு தடவையும் எழுதுகிறேன், அஞ்சலை. கட்டிக்கொடுத்த ஊரில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு, பிறந்த தோட்டத்துக்கே திரும்பி வந்தவள். அவளுக்கு வரவேண்டிய கல்வீட்டை இந்த மனிதர் இரண்டே சொற்களால் இல்லாமல் ஆக்கினார். அந்த இரண்டு சொற்களைச் சொல்லும்போது அவர் தலையில் பரிவட்டம் கட்டியிருந்தார். ஏனென்றால் அவர் ராஜா.

சிரிக்காதீர்கள். நாங்களும் முதலில் சிரித்தோம்.

மலேசியாவில், கோலசிலாங்கூரிலிருந்து உள்பக்கம் போகிற சாலையில், எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்களுக்கு நடுவே எங்கள் தோட்டம் இருந்தது. தோட்டத்துக்காரர்கள் அதை வீடு கட்டுகிற ஒரு கம்பெனிக்கு விற்றார்கள். வேலை போயிற்று, ஆபீஸ் போயிற்று, வேலையாட்கள் குடியிருந்த இரண்டு வரிசை லயமும் கோயிலும்தான் மிச்சம். எல்லாரையும் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிய அன்றைக்கு, கோயிலுக்கு அடித்தது போக மிஞ்சிய வெள்ளைச் சாய வாளியைத் தூக்கிக்கொண்டு இவர் நுழைவுப் பாலத்துக்குப் போனார். பழக்குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஆள். குனிந்து, பாலத்தின் குறுக்கே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஒரு கோடு போட்டார்.

"கோட்டுக்கு அந்தாண்ட அவன் நாடு. இந்தாண்ட நம்ம நாடு. இனிமே எவனும் நம்மள காலி பண்ணுன்னு சொல்ல முடியாது."

"நாடுன்னா ராஜா வேணுமேண்ணே?" என்று யாரோ கிண்டலாகக் கேட்டார்கள்.

"வேற யாரு இருக்கா? நான்தான்."

பாலமே அதிரச் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. தூரிகையை வாளியில் போட்டுவிட்டு, சிரித்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தப் பார்வையை அன்றைக்கே நாங்கள் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் புல்டோசர் வந்தது. அவர் போய் அந்தக் கோட்டின் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டார். வெயில் கொளுத்துகிறது, சிமெண்டு கொதிக்கிறது, மனிதர் அசையவில்லை. ஓட்டி வந்த இந்தோனேசியக்காரர் கொஞ்ச நேரம் ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு நிழலில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தார். சாயங்காலம் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அந்தத் துணிச்சல் பொய் இல்லை. என் கோபத்தில் அதை மறைத்துவிட்டால் நானும் அவரைப் போலத்தான் ஆவேன். அவர் படுத்திராவிட்டால் அந்த லயம் அந்த மாதமே மண்ணாகியிருக்கும். அதற்குப் பிறகு யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

மாரியம்மன் திருவிழாவில் முதல் மரியாதைக்காரருக்கு ஒரு நாள் பரிவட்டம் கட்டுவார்கள், கட்டினவர் அன்றைக்கே அவிழ்த்து வைத்துவிடுவார். இவர் அவிழ்க்கவில்லை. பரிவட்டத்தோடே மோட்டர்சைக்கிள் ஓட்டினார், பரிவட்டத்தோடே பல் தேய்த்தார். பூசாரி ஒன்றிரண்டு தடவை தொண்டையைச் செருமிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பழைய சாரத் துணியில் தைத்த ஒரு கொடியும் ஏறியது. போலீஸ் சார்ஜன் ஒருவர் வந்து பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல், "பாக்சிக், உங்கள் கொடிக்கு மேலே நம் நாட்டுக் கொடியையும் ஏற்றிவிடுங்கள், எனக்குத் தொல்லை வேண்டாம்" என்று மலாயில் சொன்னார். இவர் ரொம்ப மரியாதையாக ஏற்றினார். "அது பெரிய நாடு, இது சின்ன நாடு. ரெண்டுக்கும் சண்டை கெடையாது" என்றார். வெளியே அவருக்குப் பகைவர் கம்பெனி ஒன்றுதான். பகைவர்கள் தேவைப்பட்டதெல்லாம் உள்ளேதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், பாலத்தை ஒட்டின களத்தில் பெரட்டு வைத்தார். பெரட்டு என்றால் தோட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். விடியலில் வேலையாட்களை வரிசையில் நிறுத்தி, வேலை வாங்குகிற மண்டோர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இருக்கேன் என்று குரல் கொடுத்தால் அன்றைக்குச் சம்பளம், கொடுக்காவிட்டால் பேர் இல்லை. இவருடைய அப்பாதான் எங்கள் தோட்டத்தில் கடைசி மண்டோர். அப்பாவின் தொண்டை அப்படியே இவருக்கு. ஏடு எதுவும் கிடையாது, இரண்டு லயத்துப் பெயரும் மண்டைக்குள் இருந்தது. "முனி...யாண்டி!" என்று இழுத்துக் கூப்பிட்டால் செம்பனைக்குள்ளிருந்து எதிரொலி வரும்.

முதலில் எல்லாரும் ஆசையாகத்தான் போய் நின்றார்கள். அதை நான் பார்த்திருக்கிறேன். கையுறைத் தொழிற்சாலையில் நம்பராகவும், சூப்பர்மார்க்கெட்டில் "ஏய், அந்தாம்மா" என்றும் இருந்தவர்களை ஒருவர் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். வேலை போன பிறகு கூப்பிட ஆளில்லாமல் கிடந்த பெயர்கள். கிழவர்கள்கூடச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, "இருக்கேன்!" என்பார்கள். "பேர் இருக்கறவன்தான் ஆளு" என்று அவர் அடிக்கடி சொல்வார். நல்ல வாசகமாகத்தான் அப்போது பட்டது.

அப்புறம் சட்டம் வந்தது. ஒரே ஒரு சட்டம்தான், துரோகச் சட்டம்.

"உள்ள பேசறத வெளிய பேசுனா துரோகம். வெளியாளுக்கு உதவி பண்ணுனா துரோகம். பேர் வெட்டுப்பட்டவனுக்காக எவன் வாய் தொறந்தாலும் அவனும் துரோகி. ராஜா பேசறப்ப சிரிச்சா அது சின்ன துரோகம்."

துரோகம் என்றால் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். கொடியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அண்ணனுக்கு அனுப்பினவன் துரோகி, நாட்டு ரகசியத்தை வெளியே விட்டுவிட்டான். கம்பெனி ஆட்களுக்கு மீ நூடுல்ஸ் விற்ற வண்டிக்காரரிடம் அதே நாளில் மீ வாங்கித் தின்ற தன் சொந்த மச்சானும் துரோகி. கோயில் பாடல் ஒலிபெருக்கியில் கரகரவென்று கேட்டால், "எவன்டா வயர புடுங்குனது, எவன் வேல இது?" என்பார். எலி கடித்திருக்கும் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. அவருடைய நாட்டில் எதுவும் தானாகக் கெடாது. எதற்கும் ஒரு துரோகி வேண்டும். ஒரு வாரம் துரோகி யாரும் அகப்படாவிட்டால் முகம் வாடிப்போகும், சாப்பாடு இறங்காது என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார்.

தண்டனை என்ன தெரியுமா? சின்னக் குற்றத்துக்கு அரைப்பேர். தண்ணீர் லோரி வந்தால் கடைசியில் நிற்க வேண்டும், கோயில் ஆட்டில் பங்கு கிடையாது. பெரிய குற்றத்துக்குப் பேர் வெட்டு. பேர் வெட்டப்பட்டவர் பெரட்டுக்கு வந்தே ஆக வேண்டும், வரிசையில் நின்றே ஆக வேண்டும். ராஜா அந்த ஆளின் பெயரைக் கூப்பிடுவார். நின்றுகொண்டிருக்கிற ஆள் வாய் திறக்கக்கூடாது. சற்று நேரம் காத்திருந்துவிட்டு, அந்த முகத்தை நேராகப் பார்த்தே, "ஆள் இல்ல" என்பார். அடுத்த பெயருக்குப் போவார். மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் அந்த ஆளோடு யாரும் பேசக்கூடாது.

எனக்கு வயிறு எரிவது இதில்தான். அரைப்பேர், பேர் வெட்டு, இதெல்லாம் இவர் கண்டுபிடித்ததா? வெள்ளைக்காரத் துரை வைத்தது. பெரட்டுக்குத் தாமதமாக வந்த எங்கள் பாட்டன்மாரைக் கூலி இல்லாமல் வீட்டுக்குத் துரத்தின சட்டம். நூறு வருஷம் அதில் நசுங்கிவிட்டு, முதல்முறையாகச் சொந்தமாக ஒரு நாடு செய்துகொள்ள இடம் கிடைத்தபோது, எங்கள் ஆட்கள் செய்தது என்ன? துரையையே திரும்பச் செய்து, பரிவட்டம் கட்டி நிறுத்தி, அவர் முன்னால் வரிசையில் போய் நின்றார்கள். வேறு மாதிரி ஒரு அரசாங்கம் இருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நான் கல்யாணமாகிக் கோலசிலாங்கூர் டவுனில் இருந்தேன். ஆற்றங்கரையில் ஒரு கடலுணவுக் கடையில் கல்லாவில் வேலை. ஞாயிறு காலையில் கடையில் மிஞ்சின இறாலை எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போவேன். கோட்டில் அவர் மோட்டரைக் குறுக்கே நிறுத்தியிருப்பார். என்னைப் பிறந்ததிலிருந்து பார்த்தவர், என் மூக்குச்சளியைத் துடைத்துவிட்டவர், கேட்பார்:

"எந்த நாடு?"

"கோலசிலாங்கூர்ண்ணே."

"வந்த காரணம்?"

"எங்க அக்காவ பாக்க. வழிய விடுங்க லா, இறா நாறிடும்."

"பொழுது சாயறதுக்குள்ள வெளிய போயிடணும்."

ஒருநாள் நான் கைதட்டிச் சிரித்தேன். சின்ன துரோகம்தான், ஆனால் நான் வெளிநாட்டுக்காரி என்பதால் தண்டனை இல்லை என்று ரொம்ப யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்.

அக்கா சிரிக்கமாட்டாள். அவளுக்கு அவர்மேல் மரியாதை உண்டு, காரணமும் உண்டு. அவள் புருஷன் சுங்கை புரோங்கில் நெல் அறுக்கிற இயந்திரம் ஓட்டினவர். அவர் போன பிறகு புருஷன் வீட்டார் இவளை வைத்துக்கொள்ளவில்லை. துணி மூட்டையோடும் மகளோடும் அவள் தோட்டத்துக்கு வந்து கோயிலடியில் உட்கார்ந்திருந்தபோது, இந்த மனிதர்தான் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் பூட்டைச் சுத்தியலால் உடைத்துத் திறந்துவிட்டார். "உள்ள போ தங்கச்சி. இது உன் நாடு. யாரும் ஒன்னும் கேக்கமாட்டாங்க" என்றார். தன் வீட்டிலிருந்து அடுப்பும் பாயும் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். அக்கா அதை மறக்கவே இல்லை. நானும் மறக்கவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வருகிறது.

அக்கா செய்த துரோகம் இதுதான். கம்பெனி அனுப்பின நில அளவைக்காரர்கள் கோட்டுக்கு வெளியே வெயிலில் நின்று அளந்துகொண்டிருந்தார்கள். அதில் இளவயது மலாய்க்காரர் ஒருவர் மயங்கி, பாலத்துச் சுவரைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் பார்த்துவிட்டாள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டு, தண்ணீரும் பால் இல்லாமல், சீனி தூக்கலாக ஒரு வரக்கோப்பியும் கொடுத்தாள். அவர் குடித்தார், தெளிந்தார், நன்றி சொன்னார், போனார்.

அடுத்த பெரட்டில் விசாரணை. அன்றைக்கு நானும் இருந்தேன், பாலத்தில். வெளியாட்கள் களத்துக்குள் வரக்கூடாது.

"எதிரிக்கு நாக்காலி போட்டியா?"

"போட்டேண்ணே."

"கோப்பி குடுத்தியா?"

"குடுத்தேண்ணே. மயங்கி விழுந்துட்டாருண்ணே."

"அவன் எதுக்கு வந்தான்? ஒன் வீட்ட ஒடைக்கறதுக்கு அளக்க வந்தான். தெம்பு வந்து மிச்சத்தையும் அளந்துட்டு போனான். நீ குடுத்த கோப்பியில அளந்தான்!"

கூட்டத்தில் ஆமாம் ஆமாம் என்றார்கள். அது ஒரு வாதம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அவர் முட்டாள் இல்லை.

"கொடிக்கம்பத்த தொட்டு, தப்பு பண்ணிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. அரைப்பேரோட விட்டுடறேன்."

அக்கா கொடிக்கம்பத்தைப் பார்த்தாள். என் அக்கா வாயாடி இல்லை, அந்த வேலையெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன். அவள் மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணே, அன்னிக்கு நான் கோயிலடியில ஒக்காந்திருந்தப்ப நீங்க பாய் கொண்டாந்து போட்டீங்க. அது தப்பாண்ணே? அது தப்புன்னா இதும் தப்புதான்."

அவர் முகம் ஒரு கணம் இளகியதை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். உடனே சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரிவட்டத்தைச் சரிசெய்துகொண்டார்.

"பேர் வெட்டு" என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அவள் வரிசையில் நின்றாள். "அஞ்ச...லை!" என்று அந்தக் கம்பீரமான தொண்டை கூப்பிடும். பிறகு "ஆள் இல்ல." தண்ணீர் லோரி வந்தால் அவள் வாளிக்கு முன்னால் எல்லாரும் தங்கள் வாளியை வைப்பார்கள், அங்கே வாளியே இல்லாத மாதிரி. அடுத்த வீட்டு சரஸ்வதி, பிரசவத்துக்குப் பிறகு ஒரு மாதம் அக்கா கையால் பத்தியச் சோறு தின்றவள், எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவாள். "மன்னிப்பு கேட்டுத் தொலையேன், வாய்வார்த்ததானே" என்று நான் கத்துவேன். "வாய்வார்த்தன்னுதான் கேக்கமாட்டேங்கறேன்" என்பாள். "தாகத்துக்கு குடுத்தது தப்புன்னு என் மகளுக்கு நான் சொல்லிக் குடுக்கவா?"

என் வீட்டுக்கு வந்துவிடு என்றும் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். காரணம் இருந்தது. கம்பெனி இறங்கி வந்துகொண்டிருந்தது. புல்டோசருக்கு முன்னால் படுத்த படம் பத்திரிகையில் வந்து, சட்டமன்றத்திலும் யாரோ கேள்வி கேட்டு, கடைசியில் லயத்தில் குடியிருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் புக்கிட் பெருந்துங் பக்கம் ஒரு கல்வீடு தர ஒப்புக்கொண்டார்கள். இரண்டு அறை, ஓடு போட்ட குளியலறை. இதை வாங்கிக் கொடுத்தது அவர்தான், வேறு யாரும் இல்லை. அக்கா அந்த வீட்டுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மகளுக்குத் தனியாக ஓர் அறை, அதில் ஒரு மேசை. அவள் கேட்டது அவ்வளவுதான்.

வீட்டுப் பதிவுக்கு ஓர் அதிகாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். யார் யார் உண்மையிலேயே அங்கே குடியிருக்கிறார்கள் என்று நேரில் பார்த்துப் பதிந்துகொண்டு போக வேண்டும். நம் ராஜா விடுவாரா? "என் நாட்டு ஜனங்கள நான்தான் கூப்பிடுவேன்" என்றார். அதிகாரி இளைஞர், வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். வேலை சுலபமாயிற்று என்று சம்மதித்தார். களத்தில் பெரட்டு நின்றது. நான் வழக்கம்போலப் பாலத்தில்.

பெயர்கள் வந்தன. "இருக்கேன்!" "இருக்கேன்!" ஒவ்வொரு குரலுக்கும் அதிகாரி தலையை ஆட்டி, அடையாளக் கார்டைப் பார்த்து எழுதிக்கொண்டார். எல்லார் முகத்திலும் திருவிழா.

"அஞ்ச...லை!"

இன்றைக்கு எப்படியும் விட்டுவிடுவார் என்று நான் நம்பினேன். வெளியாளுக்கு முன்னால் வீட்டுச் சண்டையைக் காட்டிக்கொள்ளமாட்டார் என்று நினைத்தேன்.

"ஆள் இல்ல" என்றார். அதை மலாயிலும் சொன்னார்.

அக்கா முதல்முறையாக வாய் திறந்தாள். "இருக்கேன், என்சிக்" என்று மலாயில் சொல்லிக் கையைத் தூக்கினாள். அதிகாரி குழம்பிப்போய் அவள் கார்டை வாங்கிப் பார்த்தார். அதில் சுங்கை புரோங் முகவரி. புருஷன் செத்த துக்கத்தில் முகவரி மாற்ற யாருக்குத் தோன்றும்? அதிகாரி ராஜாவைப் பார்த்தார். ராஜா நேராக நின்றபடி, "இவள் இந்த இடத்து ஆள் இல்லை" என்றார். அதிகாரி நல்லவர்தான். கூட்டத்தைப் பார்த்து, "இவர் இங்கேதான் இருக்கிறாரா? யாராவது சொன்னால் போதும்" என்றார்.

யாராவது ஒருவர் சொன்னால் போதும்!

முனியாண்டி தரையைப் பார்த்தார். பூசாரி கோயிலைப் பார்த்தார். சரஸ்வதி தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். பேர் வெட்டப்பட்டவளுக்காக வாய் திறந்தால் தன் பெயரும் போகும். அன்றைக்குப் பெயர் என்றால் வீடு. நான் பாலத்திலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன். "வாய்ல என்னா கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? சொல்லுங்க லா! சரசு, நீயாவது சொல்லுடி!" நான் கோட்டைத் தாண்டிக் களத்துக்குள் ஓடினேன். அதிகாரி என் கார்டையும் வாங்கிப் பார்த்தார். கோலசிலாங்கூர். "அது வெளியாள்" என்றார் ராஜா. அதிகாரி பெருமூச்சு விட்டு, அக்காவின் கார்டை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். அடுத்த பெயர் கூப்பிடப்பட்டது. "இருக்கேன்!" என்று ஒரு குரல் வந்தது.

பிறகு நாங்கள் ஏறாத ஆபீஸ் இல்லை. எல்லாரும் உட்காரச் சொல்லி, அன்பாகப் பேசி, பதிவு முடிந்துவிட்டது என்றார்கள். கடைசியாக நான் அவர் வீட்டுக்கே போனேன்.

"ஒரு பொம்பள, ஒரு பச்சப்புள்ள. தெருவுல விட்டுட்டீங்களேண்ணே. இது ஒங்களுக்கே நல்லா இருக்கா?"

"ஒன் அக்கா மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல தங்கச்சி. ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிது. அன்னிக்கு ஒருத்திக்காக சட்டத்த வளைச்சா, நாளைக்கு எவன் என்னய மதிப்பான்? அப்புறம் நாடு எங்க நிக்கும்?"

"எந்த நாடுண்ணே? அடுத்த மாசம் எல்லாரும் வீடு மாறி போறீங்க. எந்த நாடு?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் திருட்டுத்தனம் ஒன்றுமில்லை. லஞ்சம் வாங்கியிருந்தால், பழிவாங்கியிருந்தால், எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவருக்கு அந்த வீட்டால் ஒரு காசு லாபம் கிடையாது. சரி என்று நம்பியே அவர் அதைச் செய்தார். நான் செருப்பைக் கழற்றினேன். அக்காதான் பின்னால் வந்து என் கையைப் பிடித்தாள்.

அக்கா என்னோடு வந்துவிட்டாள். எங்கள் பின்கட்டு அறையில் அவளும் மகளும் இருந்தார்கள். நான் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற கடையில் அவள் பின்னால் குந்தி இறால் உரித்தாள். மகள் படித்து இப்போது கிள்ளானில் வேலையாக இருக்கிறாள். தனி அறையும் மேசையும் அவளுக்குக் கிடைக்கவே இல்லை, என் வீட்டுச் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தாள். அக்காவின் விரல் நுனிகள் எப்போதும் வெடித்திருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொண்டை கேட்கும்.

போன வருஷம் சரஸ்வதி குடும்பத்தோடு கடைக்கு நண்டு சாப்பிட வந்தாள். அக்காவைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இப்போது பேசலாம், இப்போது சட்டம் இல்லையே. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "அவரு இன்னும் பெரட்டு போடறாருக்கா. பேட்மிண்டன் கோர்ட்ல. ஒருத்தரும் போறதில்ல. காலங்காத்தால கத்தறாருன்னு புது ஆளுங்க புகார் பண்றாங்க."

"ஒரு நாள் போய் பாத்துட்டு வருவோம்" என்றாள் அக்கா.

நான் அவரைத் திட்டுவதற்காகப் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டேன். அக்கா எதற்காக வந்தாள் என்று எனக்குத் தெரியாது. தூக்குச்சட்டியில் இட்லி வைத்திருந்தாள்.

புக்கிட் பெருந்துங்கில் அந்தத் தாமான் குடியிருப்பு அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வீடு கார், பூந்தொட்டி. கோர்ட்டின் நடுவில் அவர் நின்றார். ஆள் பாதியாகியிருந்தார், ஒரு கால் இழுத்தது. பரிவட்டம் மட்டும் அப்படியே, அழுக்கேறி. எதிரே சிமெண்டுத் தரையும் பச்சைக் கோடுகளும்.

"முனி...யாண்டி!"

எதிர்வீட்டில் தொலைக்காட்சி ஓடியது. அவர் காத்திருந்தார்.

"லீவு" என்றார்.

"சரசு...வதி!"

சரஸ்வதி தன் வீட்டு முன்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"லீவு."

இப்படியே ஒவ்வொரு பெயராகப் போனது. செத்தவர்கள் பெயரும் வந்தது, அவர்களுக்கும் லீவுதான். அவரை விட்டு ஓடினவர்கள், கதவைச் சாத்தினவர்கள், பிள்ளைகளிடம் அவரைப் பைத்தியம் என்று சொல்லிக் கொடுத்தவர்கள், எல்லாருக்கும் தாராளமாக லீவு. துரோகம் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. அக்கா தூக்குச்சட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கோர்ட்டுக்குள் நடந்தாள். முதல் வரிசை இருக்கவேண்டிய இடத்தில், அவருக்கு நேர் எதிரே போய் நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

"அஞ்ச...லை!"

"இருக்கேண்ணே" என்றாள் அக்கா.

அவர் காத்திருந்தார். அவள் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். எவ்வளவு காலம் கழிந்துவிட்டது, எல்லாரும் போய்விட்டார்கள், இப்போதாவது என்று நினைத்தேன். என் பழைய முட்டாள்தனம் இன்னும் போகவில்லை.

"ஆள் இல்ல" என்றார்.

நான் பொறுக்கி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டன. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"சரிண்ணே. நானும் இல்லன்னா, இங்க யாருண்ணே இருக்கா?"

அவர் கோர்ட்டைச் சுற்றிப் பார்த்தார். இந்த மூலை, அந்த மூலை, சாத்தின கதவுகள், துணிக்குப் பின்னால் தெரிந்த சரஸ்வதியின் கால்கள். பரிவட்டத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிவிட்டு, அக்காவின் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்தபடி, முதல் பெயரிலிருந்து மறுபடியும் கூப்பிட ஆரம்பித்தார்.